மஸ்கட் மத்ராவில் கப்பல் நிற்கும் ஒரு பகல்: பெரிய மசூதியா, பழைய துறைமுகமா?

நங்கூரம்

துபாயில் கிளம்பி துபாய்க்கே திரும்பும் கப்பல். நடுவில் ஒரு வியாழக்கிழமை மஸ்கட். காலை 8 மணிக்கு அதன் துறைமுகப் பகுதியான மத்ராவில் கரை பிடிக்கும், மாலை 4.30-க்குள் எல்லோரும் மேலே ஏறிவிட வேண்டும். நாங்கள் இருவர், கூடவே 65 வயதைத் தாண்டிய அப்பா அம்மா. அம்மாவுக்கு முழங்கால் வலி. சமதரையில் மெதுவாக நடப்பார், படிக்கட்டு ஆகாது. நால்வருக்கும் இந்தியப் பாஸ்போர்ட்.

கப்பல்காரர்களின் சுற்றுலா பஸ் தலைக்கு எக்கச்சக்கமாகக் கேட்கிறது. நாங்களே டாக்சி பிடித்துப் போகலாமா? பெரிய மசூதி, சூக் என்ற பழைய சந்தை, கோட்டைகள், அரண்மனை எல்லாம் ஒரே பகலில் முடியுமா?

ரூவிவாசி

தாராளமாகப் போகலாம். ஆனால் எது பக்கம், எது தூரம் என்று பார்த்து வரிசை போடாதீங்க. எந்தக் கதவு முதலில் சாத்தப்படும் என்று பார்த்துப் போடுங்க. மஸ்கட்டில் பகல் பொழுது இரண்டாக உடையும், அந்த உடைப்பில் மாட்டிக்கொள்பவர்கள்தான் ஒன்றும் பார்க்காமல் கப்பலுக்குத் திரும்புகிறார்கள்.

சுல்தான் காபூஸ் பெரிய மசூதியில் முஸ்லிம் அல்லாதவர்களுக்கு சனி முதல் வியாழன் வரை காலை 8 முதல் 11 வரைதான் அனுமதி. வெள்ளி கிடையாது. மத்ரா சூக் காலையில் திறந்து மதியம் 1 மணி வாக்கில் சாத்தும், மறுபடி 4 மணிக்குத் திறக்கும். உங்களுக்கு 4.30-க்குக் கப்பல், அதனால் சாயங்கால சூக் கணக்கிலேயே இல்லை. பழைய மஸ்கட்டில் இருக்கும் தேசிய அருங்காட்சியகம் காலை 10 முதல் மாலை 5 வரை, மதிய இடைவேளை இல்லாமல். அல் ஆலம் அரண்மனைக்கு உள்ளே யாருக்கும் அனுமதி இல்லை, வாசல் கம்பிக்கு வெளியே நின்று எப்போது வேண்டுமானாலும் படம் எடுக்கலாம்.

அதனால் மசூதி, சூக், கடைசியாக அரண்மனையும் அருங்காட்சியகமும். இதைத் தலைகீழாகப் போட்டால் மசூதி வாசலில் 11.10-க்கு நிற்பீர்கள், சூக்கில் சாத்திய ஷட்டர்களைப் பார்ப்பீர்கள்.

இன்னொன்று. 8 மணிக்குக் கரை பிடிக்கும் என்றால் 8 மணிக்கு இறங்கலாம் என்று அர்த்தம் இல்லை. அதிகாரிகள் கப்பலுக்கு அனுமதி கொடுக்க வேண்டும், சுற்றுலா பஸ் கும்பல் முதலில் இறங்கும். துறைமுகத்துக்குள் நடக்க விட மாட்டார்கள். கப்பலடியிலிருந்து வெளிக் கேட் வரை இலவச ஷட்டில் பஸ் ஓடும், அதற்கும் வரிசை. கேட்டுக்கு வெளியே கால் வைக்க 8.45, 9 ஆகும். மசூதி அங்கிருந்து இருபது கிலோமீட்டருக்கு மேல், நெரிசல் இல்லாவிட்டால் அரை மணி. 9.30-க்கு உள்ளே நுழைந்தால் நிதானமாகப் பார்த்துவிட்டு 10.45-க்குக் கிளம்பலாம். 10 மணிக்கு மேல்தான் இறங்க முடிகிறது என்றால் மசூதியை அந்த நிமிடமே விட்டுவிடுங்க.

உப்புக்காற்று

சுற்றிப் பார்ப்பதற்கு முன்னால் விசா. இந்தியப் பாஸ்போர்ட்காரர்கள் இடறுவது ஓமானில் அல்ல, துபாயில். கப்பல் துபாயை விட்டு மஸ்கட் போனாலே ஐக்கிய அரபு எமிரேட்ஸை விட்டு வெளியேறியதாகக் கணக்கு. திரும்பி வரும்போது இரண்டாவது நுழைவு. ஒருமுறை நுழைவு விசா வைத்திருந்தால் துபாயில் கப்பல் ஏறும் கவுண்டரிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள், பணமும் திரும்பாது. பலமுறை நுழைவு விசா வேண்டும். டிராவல் ஏஜென்ட் "துபாய் விசா எடுத்தாச்சு" என்று சொன்னால் போதாது, தாளை வாங்கி "மல்டிபிள் என்ட்ரி" என்று இருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள்.

ஓமான் பக்கம், கப்பலில் வந்து அன்றே போகும் பயணிகளுக்கான அனுமதியைக் கப்பலின் துறைமுக ஏஜென்ட் மொத்தமாகப் பார்த்துக்கொள்வார். அந்த ஏற்பாடு உங்கள் பாஸ்போர்ட்டுக்கும் பொருந்துமா என்று கப்பல் நிறுவனத்திடம் மின்னஞ்சலில் கேட்டு, பதிலைப் பத்திரப்படுத்துங்கள். தொலைபேசியில் சொன்ன வார்த்தை கவுண்டரில் எடுபடாது.

பாய்மரம்

ரூவிவாசி சொன்ன நேரக் கணக்கு சரி. ஆனால் அதைப் பார்த்தாலே எனக்குத் தோன்றுவது: மசூதிக்குப் போகாதீர்கள்.

மசூதி அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் போக வர ஒரு மணி நேரம் நெடுஞ்சாலையில் கழியும். அது 2001-ல் திறந்த கட்டடம். நீங்கள் இறங்குவதோ அரபிக்கடலின் மிகப் பழைய துறைகளில் ஒன்றில். கப்பலில் வருபவனுக்கு மட்டும் கிடைக்கும் காட்சி ஒன்று இங்கே இருக்கிறது: கறுத்த மொட்டை மலைகள் கடலுக்குள் இறங்கி, நடுவில் ஒரு பிறை போல விரிகுடா, அதன் விளிம்பில் வெள்ளை வீடுகள். விமானத்தில் வருபவர்கள் இந்த ஊரைப் பின்வாசல் வழியாகத்தான் பார்க்கிறார்கள். காலை 7 மணிக்கே மேல் தளத்துக்குப் போய்விடுங்கள். பஃபே காத்திருக்கும்.

ஒரு விஷயம் புரிந்தால் ஊர் புரியும். மத்ராவும் பழைய மஸ்கட்டும் ஒரே ஊர் அல்ல. மத்ரா வணிகர்களின் ஊர், மஸ்கட் ஆட்சியும் கோட்டைகளும் இருந்த ஊர். இடையில் மூன்று நாலு கிலோமீட்டர்தான், ஆனால் நடுவில் மலை. கடலோரச் சாலை வருவதற்கு முன் படகில் போக வேண்டும், அல்லது ரியாம் கணவாய் வழியே மலையேற வேண்டும். அந்தப் பழைய நடைபாதைதான் இன்று சி38 என்று பெயிண்ட் அடித்த மலைப்பாதை.

போர்த்துகீசியர் அல்புகெர்க் தலைமையில் 1507-ல் மஸ்கட்டைப் பிடித்தார்கள். அரண்மனைக்கு இரு புறமும் நிற்கும் ஜலாலி, மிரானி கோட்டைகள் 1580-களில் அவர்கள் கட்டி முடித்தவை. 1650-ல் இமாம் சுல்தான் பின் சைஃப் அவர்களை விரட்டினார். துறைமுக வாயைப் பார்த்தால் இரண்டு கோட்டைகளையும் எதற்கு அங்கே வைத்தார்கள் என்று தானாக விளங்கும். உள்ளே வரும் கப்பல் இரண்டின் பீரங்கிக்கும் நடுவே போயாக வேண்டும்.

மஸ்கட் விரிகுடாவின் பாறைச் சுவர்களில் பெயிண்டில் எழுதிய கப்பல் பெயர்களையும் பாருங்கள். வந்து போன கப்பல்களின் மாலுமிகள் நூற்றாண்டுகளாக எழுதிவைத்தவை. அரண்மனையின் பின்புறம் கடல் பக்கம் வரும்போது தெரியும், அநேகர் முன்வாசலில் படம் எடுத்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். எட்டு மணி நேரத்தில் இதைப் பார்க்காமல் இருபது கிலோமீட்டர் தள்ளி ஒரு கம்பளத்தைப் பார்க்கப் போவதா?

ரூவிவாசி

"ஒரு கம்பளம்" என்று ஒதுக்குவதை ஏற்க முடியாது பாய்மரம். பிரதான தொழுகைக் கூடத்தில் விரித்திருப்பது 70 மீட்டருக்கு 60 மீட்டர், 21 டன், 170 கோடி முடிச்சுகள். ஈரானியப் பெண் நெசவாளர்கள் நாலு ஆண்டு உழைத்தார்கள். மேலே தொங்குவது 14 மீட்டர் உயரச் சரவிளக்கு. கட்டடத்தின் மணற்கல் இந்தியாவிலிருந்து போனது. 1995-ல் தொடங்கி ஆறு ஆண்டில் முடித்தார்கள். ஓமானியர்கள் தங்கள் காலத்தின் அடையாளமாக எதைக் காட்ட நினைத்தார்களோ, அது இதுதான். பழசு மட்டும்தான் ஊரா?

இங்கே முக்கியமாக, நங்கூரத்தின் அம்மாவுக்கு முழங்கால் வலி. மசூதி வளாகம் பெரும்பாலும் சமதளம், அகலமான பளிங்கு, நிழல் விழும் வளைவுகள். நீங்கள் சொல்லும் பக்கம் இருக்கும் மத்ரா கோட்டை செங்குத்துப் படி. சி38 பற்றிப் பேச்சே வேண்டாம்.

பாய்மரம்

கோட்டைப் படி அவருக்கு இல்லைதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நான் சொல்வதில் கோட்டைக்குள் ஏறும் வேலையே இல்லை. ஜலாலி, மிரானி இரண்டையும் கீழிருந்துதான் பார்க்க வேண்டும். கடலோர நடைபாதை சமதரை, உட்கார பெஞ்சு உண்டு. அரண்மனைக்கு எதிரே அருங்காட்சியகத்தில் லிஃப்ட், ஏசி எல்லாம் இருக்கிறது.

நங்கூரத்துக்கு ஒரு கேள்வி: உங்கள் கப்பல் அபுதாபியிலும் நிற்கிறதா?

நங்கூரம்

ஆமாம், மஸ்கட்டுக்கு இரண்டு நாள் கழித்து. ஷேக் சாயித் மசூதி போவதாகத்தான் இருக்கிறோம்.

பாய்மரம்

அப்படியானால் விடை வந்துவிட்டது. மஸ்கட் மசூதிக் கம்பளத்தை அளவில் முந்தியது 2007-ல் திறந்த அபுதாபி மசூதியின் கம்பளம். அதே வாரத்தில் அதைப் பார்க்கிறீர்கள். மஸ்கட்டின் சூக்கும் விரிகுடாவும் உங்கள் பயணத்தில் வேறெங்கும் கிடைக்காது.

ரூவிவாசி

அபுதாபி உண்டு என்றால் நானும் ஒத்துக்கொள்கிறேன். இந்த நால்வருக்கு மசூதி வேண்டாம். அபுதாபி இல்லாத வழித்தடத்தில் வருபவர்கள் என் முதல் பதிவின் வரிசையைப் பிடித்துக்கொள்ளுங்கள். போகும் வாரத்திலேயே நேரத்தையும் நுழைவு விதிகளையும் மசூதியின் தளத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

தென்னங்கீற்று

மசூதி போகிறவர்களுக்கு உடை விஷயம், யாரும் சொல்லவில்லை. பெண்களுக்குத் தலைமுடி, மணிக்கட்டு வரை கை, கணுக்கால் வரை கால் மூடியிருக்க வேண்டும். வெறுமனே புடவை கட்டிப் போனால் இடுப்பும் கையும் தெரியும், நிறுத்திவிடுவார்கள். முழுக்கை சல்வார், பெரிய துப்பட்டா போதும். துப்பட்டா மெல்லிய வலைத்துணியாக இருந்தால் முடி தெரிகிறது என்பார்கள், பருத்தியில் எடுத்துக்கொள்ளுங்க. வழுக்காமல் இருக்க இரண்டு ஊக்கு. வாசலில் அபாயா என்ற முழு அங்கி வாடகைக்குக் கிடைக்கும், ஆனால் கப்பல் வந்த நாளில் அந்த வரிசையிலேயே கால் மணி போய்விடும். ஆண்களுக்கு முழுக்கால் பேன்ட், அரைக்கால் டவுசர் கூடாது. தொழுகைக் கூடத்துக்குள் செருப்பு இல்லை, ஒரு ஜோடி சாக்ஸ் பையில் போட்டுக்கொள்ளுங்க.

சூக்கில் இவ்வளவு கறார் கிடையாது. தோளும் முழங்காலும் மூடியிருந்தால் மரியாதை.

வெயிலோன்

டாக்சிக் கட்டணம் பற்றி யாராவது எழுதுங்களேன். கேட்டில் மொய்க்கிறார்கள் என்று கேள்வி.

ரூவிவாசி

ஓமானி ரியால் டாலரோடு கட்டப்பட்டது, 1 ரியால் சுமார் 2.6 டாலர். ஒரு ரியாலுக்கு 1000 பைசா. இதை மனப்பாடம் செய்துகொண்டு இறங்குங்க. கேட்டில் டிரைவர்கள் வெறும் எண்ணைத்தான் சொல்வார்கள். "இருபது" என்றால் 20 டாலரா, 20 ரியாலா? 20 ரியால் என்றால் 52 டாலர். ஏறி இறங்கிய பிறகு இந்தச் சண்டை வரக்கூடாது. ஏறும் முன் ஐந்து விஷயம் வாயால் பேசுங்க: ரியாலில் எவ்வளவு, வண்டிக்கா தலைக்கா, போகவா போய்வரவா, எத்தனை மணி நேரக் காத்திருப்பு, எந்தெந்த இடம். போனில் எண்ணைத் தட்டிக் காட்டி அவர் தலையாட்டியதும் ஏறுங்க. இந்தி தெரிந்தால் இந்தியிலேயே பேசலாம், பெரும்பாலான டிரைவர்களுக்குப் புரியும்.

டாலரில் கொடுத்தால் 1 ரியாலுக்கு 3 டாலர் என்று எளிமையாகக் கணக்கு போடுவார்கள், அதிலேயே உங்களுக்கு நஷ்டம். கடலோரச் சாலையிலும் சூக் பக்கத்திலும் பணம் மாற்றும் கடைகள் இருக்கு, இந்திய ரூபாய் கூட மாற்றலாம். சின்ன நோட்டாகக் கேட்டு வாங்குங்க.

கேட்டை விட்டு ஒரு ஐந்து நிமிடம் நடந்து மீன் சந்தை ரவுண்டானா வரை வந்துவிட்டால் விலை தானாக இறங்கும். டாக்சி அழைக்கும் ஓடாக்சி செயலியை ஊரிலேயே போட்டு வைத்தால் நியாய விலை எது என்று தெரிந்து பேசலாம். அதற்கு இன்டர்நெட் வேண்டும்.

முவாசலாத் என்ற நகர பஸ் நிறுவனத்தின் சிவப்பு பஸ் மத்ராவிலிருந்து நகரின் ரூவி பகுதிக்கு ஓடுகிறது, மலிவு. ரூவியில் மாறி மசூதிப் பக்கமும் போகலாம். ஆனால் போக மட்டுமே ஒரு மணிக்கு மேல், அதிலும் மாறும் இடத்தில் காத்திருப்பு. கப்பல் நாளில் வேண்டாம்.

இன்னும் ஒன்று. வீட்டில் யாராவது வளைகுடாவில் இருந்தபோது மிச்சம் வைத்த பழைய ஓமானி நோட்டைக் கொடுத்தனுப்புவார்கள். 2020-க்கு முந்தைய நோட்டுகள் 2024 கடைசியோடு புழக்கத்திலிருந்து எடுக்கப்பட்டுவிட்டன. கடையில் வாங்க மாட்டார்கள்.

நங்கூரம்

பயனுள்ள தகவல். கேட்டிலிருந்து சூக் வரை அம்மா நடக்க முடியுமா?

தென்னங்கீற்று

ஒரு கிலோமீட்டருக்குச் சற்று மேலே, நல்ல காலுக்கு 15-20 நிமிடம், அம்மாவுக்கு 35 என்று வையுங்க. தரை சமம்தான், ஆனால் நிழல் குறைவு. கப்பல்கள் வரும் நவம்பர்-மார்ச் மாதங்களில் காலை 10 வரை சுகம், அதற்கப்புறம் கல் சூடாகிவிடும். காலையில் போகும்போது நடங்க, திரும்பும்போது டாக்சி.

கேட்டை ஒட்டியே மீன் சந்தை. புதிய கட்டடம், 2017-ல் திறந்தது, அலை போன்ற கூரை. காலையில் போனால் கன்னத் என்று அவர்கள் விற்கும் மீனைப் பாருங்க, நம்ம வஞ்சிரம்தான். முழு மீனையும் தோளில் தூக்கி வருவார்கள். தரை ஈரம், அம்மாவை வாசலில் நிறுத்திவிட்டு ஒருவர் போய் வரலாம்.

வழியில் நீலக் குவிமாடம் உள்ள பள்ளிவாசலும் பக்கத்தில் மரவேலை பால்கனி வைத்த பழைய வீடுகளும் வரும். அது சூர் அல் லவாத்தியா, லவாத்தி சமூகத்தாரின் மதில் சூழ்ந்த குடியிருப்பு. வாசல் திறந்திருக்கும், உள்ளே போகாதீங்க. அது வீடுகள் உள்ள இடம், வெளியாட்களை அவர்கள் விரும்புவதில்லை. சாலையிலிருந்து பால்கனிகளைப் பார்த்தாலே போதும்.

மஞ்சள்பை

சூக் பற்றி எழுத நினைத்தேன். நம்மவர்கள் அதில் ஏமாறும் இடம் வேறு. கடலோர வாசலிலிருந்து நேராகப் போகும் பிரதான சந்தில் தொங்கும் சால்வை, கண்ணாடி வேலைப்பை, பித்தளை ஒட்டகம் பெரும்பாலும் இந்தியாவிலிருந்து வந்தவை. ஐரோப்பியருக்கு அது அரபுப் பொருள். நமக்கு அங்கே அதை வாங்க ஒரு காரணமும் இல்லை. பக்கச் சந்துகளுக்குள் திரும்புங்கள், உள்ளூர்ப் பெண்கள் துணி, வெள்ளி, மசாலா வாங்கும் இடம் அங்கேதான்.

வாங்கத்தக்கது லுபான். ஓமானின் தெற்கே தோஃபாரில் வளரும் மரத்தின் பால், சாம்பிராணி போலப் புகைப்பது. பட்டையைச் சீவிவிட்டு, கசிந்து உறைந்ததை வாரக்கணக்கில் காத்திருந்து எடுப்பார்கள். முதல் தரம் ஹோஜரி. பார்த்து வாங்க வழி சொல்கிறேன். கட்டி பெரிதாக, வெளுப்பில் லேசான பச்சைச் சாயலோடு, வெளிச்சத்தில் பிடித்தால் ஒளி ஊடுருவுவதாக இருக்க வேண்டும். முகர்ந்தால் எலுமிச்சைத் தோல் வாசம் வரும். ஒரு துணுக்கைப் பல்லில் கடித்தால் முதலில் நொறுங்கி, பிறகு சவ்வு போல ஒட்ட வேண்டும், மாவாகவே போனால் பழையது. சிவந்த பழுப்பு நிறம், பட்டைத் துண்டு, தூள் கலந்தது எல்லாம் கீழ்த்தரம். அதுவும் புகைக்க ஆகும், ஆனால் ஹோஜரி விலை கொடுக்காதீர்கள். பாக்கெட்டில் கட்டி வைத்ததை விட்டு, திறந்த டப்பாவிலிருந்து நிறுத்துத் தரச் சொல்லுங்கள். கடைக்காரர் மேலே பெரிய கட்டியும் அடியில் பொடியும் வைத்திருப்பார், அள்ளும்போது கவனியுங்கள்.

வீட்டில் புகைக்கும்போது கரி முழுதும் வெள்ளைச் சாம்பல் பூத்த பிறகுதான் போட வேண்டும். சிவந்த கரியில் நேராகப் போட்டால் கரிந்த வாடைதான் வரும், வாசம் வராது.

லூமி என்ற உலர்ந்த எலுமிச்சை, மீன் குழம்புக்கு அருமை. கையில் எடுத்தால் காற்றுப் போல லேசாகவும் குலுக்கினால் உள்ளே சத்தம் வருவதாகவும் இருக்கட்டும். சமைக்கும்போது குத்தி விதையை எடுத்துவிடுங்கள், விதை கசக்கும். பேரீச்சையில் கலாஸ் இனிப்பு, ஃபர்த் கொஞ்சம் உறுதியான சதை, நீண்ட நாள் நிற்கும். ஜபல் அக்தர் மலையின் ரோஜாப் பன்னீர் லேசான பழுப்பு நிறமும் புகை வாசமும் கொண்டது. மண் அடுப்பில் காய்ச்சுவதால் அப்படி, கெட்டுப்போனது என்று ஒதுக்காதீர்கள்.

பேரம் பேசலாம். சிரித்துக்கொண்டே, குரல் உயர்த்தாமல். தங்கத்துக்கு அன்றைய கிராம் விலை நிலையானது, செய்கூலியில்தான் குறைப்பார்கள்.

உப்புக்காற்று

மஞ்சள்பை எழுதியதோடு சேர்த்து: வாங்கிய பொருள் கப்பல் ஏறும்போது ஸ்கேனருக்குள் போகும். கஞ்சர் என்ற வளைந்த குத்துவாள் வாங்கினால் கப்பல் பாதுகாவலர் எடுத்து, ரசீது கொடுத்து, பயணம் முடிந்து இறங்கும்போதுதான் திருப்பித் தருவார். அதன் பிறகு விமானத்தில் கைப்பையில் போகாது, செக்-இன் பெட்டியில்தான். பிடி தந்தம் அல்லது காண்டாமிருகக் கொம்பு என்று கடைக்காரர் பெருமையாகச் சொன்னால் தொடவே வேண்டாம். இந்தியச் சுங்கத்தில் அது குற்றம்.

லுபான் கட்டிக்குத் தடை இல்லை. ஆனால் கடைக்காரர் செட்டாகக் கட்டித்தரும் சட்டென்று பற்றும் கரி வில்லைகளைக் கப்பலிலும் விடமாட்டார்கள், விமானத்திலும் விடமாட்டார்கள். மண் தூபக்காலை மட்டும் வாங்குங்கள், கரி ஊரில் கிடைக்கும். அறையில் புகைக்க முயலாதீர்கள், புகை அலாரம் அடித்துவிடும்.

வெயிலோன்

எங்கள் கப்பல் வெள்ளிக்கிழமை நிற்கிறது. அப்போது?

ரூவிவாசி

மசூதி இல்லை. சூக் காலையில் பெரும்பாலும் மூடியிருக்கும், மாலையில்தான் உயிர் வரும். தேசிய அருங்காட்சியகம் மதியம் 2-க்கு மேல். பைத் அல் சுபைர் அருங்காட்சியகம் வெள்ளி விடுமுறை. ஆக காலையில் கடலோரம், மீன் சந்தை, அரண்மனை வெளிப்புறம், ரியாம் பூங்கா. கால் நன்றாக இருந்தால் சி38.

கப்பல் இரவு வரை நின்றால் கவலையே இல்லை, மாலை 5 மணி சூக்தான் உண்மையான சூக். 3 மணிக்கே கிளம்பும் கப்பல் என்றால், அந்த ஒரு நாளுக்கு மட்டும் கப்பல்காரர்களின் சுற்றுலாவை யோசிக்கலாம். நகல் என்ற ஊரில் இருப்பது மாதிரி உள்நாட்டுக் கோட்டைகளுக்கு அழைத்துப் போவார்கள்.

ரமலான் மாதம் என்றால் பகலில் பொது இடத்தில் தண்ணீர் குடிப்பதும் கூடாது, சட்டப்படியே தடை. கப்பலில் சாப்பிட்டு இறங்குங்க. அருங்காட்சியக, கடை நேரங்களும் மாறும்.

பாய்மரம்

சி38 பற்றி இரண்டு வரி, ஏனென்றால் செருப்போடு போய்ப் பாதியில் நிற்பவர்கள் அதிகம். தூரம் இரண்டரை கிலோமீட்டர் வாக்கில், ஆனால் ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம் ஆகும். ரியாம் பூங்காவின் பின்னாலிருந்து ஏறி மத்ராவில் இறங்குவது நல்லது. ஏற்றம் முதலில் முடிந்துவிடும், கடைசியில் சூக் பக்கமாக வந்து சேரலாம். மஞ்சள்-வெள்ளை-சிவப்புப் பட்டைகளைப் பாறையில் தேடிக்கொண்டே போங்கள். பத்து நிமிடம் பட்டை கண்ணில் படவில்லை என்றால் கடைசியாகப் பார்த்த இடத்துக்குத் திரும்புங்கள், யூகித்து இறங்காதீர்கள். கல் உதிரும், பிடிப்புள்ள ஷூ வேண்டும். ஆளுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர், வழியில் நிழலும் இல்லை கடையும் இல்லை. மழை பெய்த அன்றோ மறுநாளோ போகக்கூடாது. பாதையின் ஒரு பகுதி ஓடைத்தடத்தில் இறங்குகிறது, இந்த மொட்டை மலையில் நீர் நிற்காமல் அப்படியே பாய்ந்து வரும்.

தென்னங்கீற்று

சாப்பாடு. மத்ராவின் சின்ன டீக்கடைகளில் கரக் டீயும், பரோட்டாவில் சீஸ் தடவி 'சிப்ஸ் ஓமான்' என்ற உருளைக்கிழங்கு சிப்ஸை நொறுக்கிப் போட்டுச் சுருட்டியதும் கிடைக்கும். அதுதான் ஊர்ப் பிள்ளைகளின் தின்பண்டம். சோறு வேண்டுமென்றால் கேரள உணவகங்கள் நிறைய. இட்லி தோசைக்கு ரூவி போக வேண்டும், டாக்சியில் பத்து நிமிடம்.

ஓமானி அல்வாவைக் கடையில் சூடாக ருசி பார்க்கக் கொடுப்பார்கள், கூடவே கசப்பான காப்பி. மாவுச்சத்து, சர்க்கரை, நெய், குங்குமப்பூ, ஏலக்காய், பன்னீர். சிலர் முட்டையும் சேர்ப்பதுண்டு, சைவம் என்றால் கேட்டுவிட்டுச் சாப்பிடுங்க. டப்பாவில் அடைத்தது வெளியிலேயே பல வாரம் நிற்கும். குளிர்பெட்டியில் வைத்தால் இறுகி ரப்பர் மாதிரி ஆகிவிடும்.

கோயில் போக ஆசைப்படுபவர்களுக்கு: அரண்மனைக்குப் பக்கத்திலேயே நூறாண்டுக்கும் மேற்பட்ட மோதீஸ்வர் சிவன் கோயில் இருக்கு. குஜராத்தி வணிகர்கள் காலத்துக் கோயில். மதியம் நடை சாத்தியிருக்கும், 12-க்கு முன்னால் போகப் பாருங்க.

வெயிலோன்

துபாய் சிம் ஓமானில் வேலை செய்யுமா?

உப்புக்காற்று

ரோமிங்கில் செய்யும், பில் கடிக்கும். அதைவிட மோசமானது கப்பலின் சொந்த செயற்கைக்கோள் நெட்வொர்க். கடலில் இருக்கும்போது போன் தானாக அதில் ஒட்டிக்கொள்ளும், வாட்ஸ்அப் படம் ஒன்று இறங்கினாலே ரோமிங் கட்டணம் ஏறும். துபாயில் ஏறியதுமே போனை ஏரோபிளேன் மோடுக்கு மாற்றி, வைஃபையை மட்டும் திறந்து வையுங்கள். மஸ்கட்டில் கரை பிடித்த பிறகு, ஓமானை உள்ளடக்கிய இ-சிம்மைத் திறக்கலாம். வாங்கும்போது நாட்டுப் பட்டியலில் ஓமான் இருக்கிறதா பாருங்கள், எமிரேட்டுக்கு மட்டும் விற்பவை உண்டு. வாட்ஸ்அப் அழைப்பு இரு நாட்டிலும் சரியாகப் போகாது, எழுத்துச் செய்தி போகும். குடும்பம் இரண்டாகப் பிரிந்தால் சந்திக்கும் இடத்தையும் நேரத்தையும் வாய்விட்டுப் பேசிவிட்டுப் பிரியுங்கள்.

வரைபடத்தை ஊரிலேயே ஆஃப்லைனில் இறக்கி, துறைமுகக் கேட்டில் ஒரு குறி வைத்துவிடுங்கள். டிரைவரிடம் "குரூஸ் ஷிப்" என்றால் புரியும். "மினா சுல்தான் காபூஸ்" என்றால் சந்தேகமே இல்லை.

நங்கூரம்

இப்படி வைத்துக்கொள்கிறோம்: 9-க்குக் கேட், அங்கிருந்து சூக் வரை நடை, 11.45 வரை சூக், பிறகு டாக்சியில் கோயில், அரண்மனை, பின்பக்கக் கடலோரம், அருங்காட்சியகம். 3 மணிக்குத் திரும்பல். ஒரே பயம், திரும்பும்போது தாமதமானால்?

உப்புக்காற்று

3 மணிக்கு அங்கிருந்து கிளம்பினால் பத்துப் பதினைந்து நிமிடத்தில் கேட், தாராளமாக நேரம் இருக்கிறது. ஆனால் கேட்டை அடைந்ததும் கப்பலை அடைந்ததாக எண்ணாதீர்கள். கடைசி ஒரு மணி நேரத்தில் எல்லோரும் ஒன்றாக வருவார்கள், ஷட்டிலில் வரிசை, கப்பலடியில் ஸ்கேனர் வரிசை. அம்மா அப்பாவை வெயிலில் நிற்க வைக்காமலிருக்க 3.30-க்குள் கேட்டில் இருங்கள்.

கப்பல் கடிகாரத்தைத்தான் நம்ப வேண்டும். ஓமானும் எமிரேட்டும் ஒரே நேரம், தோஹாவும் பஹ்ரைனும் ஒரு மணி பின்னால். அங்கிருந்து நேராக மஸ்கட் வரும் வழித்தடத்தில் கப்பல் நேரத்தை மாற்றாமலும் வைத்திருக்கலாம். கப்பலில் தரும் அன்றைய அச்சுத்தாளில் போட்டிருக்கும்.

கீழே இறங்கும்போது கப்பல் அட்டை, அரசு அடையாள அட்டை, பாஸ்போர்ட்டின் நகல், கப்பல் தரும் இறங்கும் அனுமதிச் சீட்டு இருந்தால் அது, நாலும் ஒவ்வொருவர் கையிலும் தனித்தனியாக. எல்லாவற்றையும் ஒருவர் பையில் போடாதீர்கள். அச்சுத்தாளின் மூலையில் துறைமுக ஏஜென்ட்டின் தொலைபேசி எண் இருக்கும், அதைப் படம் எடுத்து வையுங்கள். தாமதம் ஆகும் என்று தெரிந்த உடனே அந்த எண்ணுக்கு அழையுங்கள், கேட்டுக்கு வந்த பிறகு அல்ல. தனியாகப் போனவர்களுக்காகக் கப்பல் காத்திருக்காது. ஆள் வராவிட்டால் பெரும்பாலான கப்பல்களில் அவர்கள் பாஸ்போர்ட்டை எடுத்து ஏஜென்ட்டிடம் கொடுத்துவிட்டுத்தான் கயிறு அவிழ்ப்பார்கள். அடுத்த துறைமுகம் போக விமான டிக்கெட் உங்கள் செலவு. அப்பா அம்மாவின் அன்றைய மாத்திரையோடு இன்னொரு நாள் மாத்திரையும் கைப்பையில் இருக்கட்டும்.